ஆழத் தண்ணீரில் மாட்டிய ஃபோர் வீல் டிரைவ்: நீங்களே பிரிப்பதா, பட்டறைக்கு ஏற்றுவதா, விட்டுவிடுவதா?

வண்டியை எப்படியோ வெளியே இழுத்தாயிற்று. கதவைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. சுற்றி நாலு பேர். ஒருவர் "ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பாருங்க" என்கிறார். இன்னொருவர் "தொடவே தொடாதீங்க, லாரியில ஏத்துங்க" என்கிறார். மூன்றாமவர் ஆயிலை மாற்றினால் போதும் என்கிறார். மூன்றுமே ஏதோ ஒரு வண்டிக்குச் சரியாக இருந்திருக்கும். உங்கள் வண்டிக்கு எது சரி என்பதுதான் இப்போது தெரிய வேண்டும்.

எவ்வளவு ஆழம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் கேட்பது வேறு: இன்ஜினை நீங்கள் அணைத்தீர்களா, அதுவாக நின்றதா? இந்த ஒரு பதிலை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

## முதலில் இந்த ஐந்தையும் பாருங்கள்

இன்ஜின் எப்படி நின்றது? காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீரை இழுத்துவிட்டால், மேலே வரும் பிஸ்டன் அந்தத் தண்ணீரில் மோதும். அடி முழுவதும், பிஸ்டனைச் சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்குப் போகும். அது வளையும், அல்லது உடையும்.

இதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு லிட்டர், நாலு சிலிண்டர் இன்ஜின் என்றால் ஒரு சிலிண்டருக்கு 500 சி.சி. டீசலில் கம்ப்ரஷன் விகிதம் 17-க்கு 1 என்று வைத்தால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சுகிற இடம் வெறும் 31 மில்லி. இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி. 10-க்கு 1 உள்ள பெட்ரோல் இன்ஜினில் ஏறக்குறைய 55 மில்லி. டீசல் வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

தண்ணீர் ஏறுவதைப் பார்த்து நீங்களே சாவியைத் திருப்பி அணைத்திருந்தால், சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தாலும் ராடு தப்பியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஓடும்போதே 'டக்' என்று ஒரே அடியில் நின்றிருந்தால், தப்பவில்லை என்று வைத்துக்கொண்டு மேலே யோசியுங்கள். மூச்சுத் திணறி, இருமி, மெதுவாக நின்றிருந்தால் இரண்டுக்கும் நடுவில்.

தண்ணீர் எதுவரை ஏறியது? சக்கரத்தின் மையத்துக்குக் கீழே என்றால் பிரேக்கைக் காயவைத்தால் போதும். மையத்தைத் தாண்டினால் வீல் பேரிங், டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி). தரைத்தளத்தைத் தாண்டினால் கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி), செல்ஃப் மோட்டார், சீட்டுக்கு அடியில் ஓடும் வயரிங். டேஷ்போர்டைத் தொட்டிருந்தால் கதையே வேறு.

கம்பெனி சொல்லும் ஆழத்தை வைத்து இங்கே தைரியம் கொள்ள வேண்டாம். ஜீப் ராங்லருக்கு 76 செ.மீ., ஃபோர்ட் ரேஞ்சருக்கு 80 செ.மீ., ஏர் சஸ்பென்ஷனை உயர்த்திய புது லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு 90 செ.மீ. என்று சொல்கிறார்கள். அதெல்லாம் மெதுவாகக் கடந்து போவதற்கான அளவு. நடுவில் மாட்டி நிற்பதற்கு அல்ல.

எந்தத் தண்ணீர்? தெளிந்த ஓடை நீர் மன்னிக்கும். சேற்று நீர் பேரிங்கில் உப்புத்தாள் போல வேலை செய்யும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அது காய்ந்த பிறகும் விடாது; ஈரக்காற்று படும்போதெல்லாம் மறுபடி அரிக்கும்.

எவ்வளவு நேரம்? பத்து நிமிடமும் ஒரு இரவும் ஒன்றல்ல. சீல்கள் தெறிப்பைத் தடுக்கும், ஊறலைத் தடுக்காது.

என்ன வண்டி? மெக்கானிகல் பம்ப், மேனுவல் கியர், நாலைந்து ரிலே மட்டும் உள்ள பழைய டீசலா? அல்லது காமன் ரெயில் (எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் உயர் அழுத்தத்தில் டீசல் செலுத்தும் முறை), ஆட்டோமேட்டிக், கதவுக்கு ஒரு கன்ட்ரோல் யூனிட் என்று இருக்கும் புதியதா? முதலாவதை ஸ்பேனரால் காப்பாற்றலாம். இரண்டாவதற்கு ஸ்கேனரும் வேண்டும்.

## எந்த வழி எடுத்தாலும் முதல் ஒரு மணி நேரம்

சாவியைத் தொடாதீர்கள். பேட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றுங்கள். எதையும் கழுவும் முன், துடைக்கும் முன் படம் எடுங்கள்: கதவிலும் பானெட்டுக்குள்ளும் தண்ணீர் நின்ற கோடு, ஏர் ஃபில்டர் பெட்டியின் உட்புறம், ஆயில் அளவு பார்க்கும் கம்பி. பின்னால் இன்சூரன்ஸ் கேட்டாலும் மெக்கானிக் கேட்டாலும் இந்தப் படங்கள்தான் பேசும்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்தாதீர்கள். ஈரமான டிரம்மில் ஷூ ஒட்டிக்கொண்டால் பிறகு சுத்தியல்தான். சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

அப்புறம் ஏர் ஃபில்டரைக் கையால் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால், அதற்குப் பின்னால் உள்ள குழாயும் காய்ந்திருந்தால், பெரிய கண்டம் கடந்தது.

## வழி 1: ஸ்டார்ட் செய்து ஓட்டிப் போவது

இதை ஒரு வழியாக எழுதவே மனம் வரவில்லை. ஆனால் நிறையப் பேர் எடுப்பது இதைத்தான், அதனால் எழுதுகிறேன்.

பொருந்தும் இடம் ஒன்றுதான். தண்ணீர் ஏர் ஃபில்டரின் வாய் வரை ஏறவில்லை, ஃபில்டர் காய்ந்திருக்கிறது, ஆயில் கம்பியில் நிறம் மாறவில்லை, இன்ஜினை நீங்களே அணைத்தீர்கள். நாலும் சேர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்யலாம். அப்போதும் டிஃபரன்ஷியல் ஆயிலை அன்றே பார்க்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், லேசாக வளைந்த ராடோடும் இன்ஜின் ஓடும். கொஞ்சம் நடுக்கம், ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு, அவ்வளவுதான் தெரியும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அந்த ராடு முறிந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். ஒரு ராடோடு முடிந்திருக்க வேண்டியது முழு இன்ஜினாக மாறிவிடும்.

## வழி 2: நீங்களே பிரித்து உலர்த்துவது

இந்த வழியின் பெரிய பலம் வேகம். பட்டறையில் உங்கள் முறை வருவதற்குள் சிலிண்டர் சுவரில் துரு படிய ஆரம்பித்துவிடும். உங்கள் கையில் ஸ்பேனர் இருந்தால் அன்று இரவே வேலை தொடங்கும்.

இன்ஜினிலிருந்து தொடங்குங்கள். பெட்ரோல் என்றால் ஸ்பார்க் பிளக், டீசல் என்றால் குளோ பிளக் அல்லது இன்ஜெக்டர், எல்லாவற்றையும் கழற்றுங்கள். டர்போ வண்டியாக இருந்தால் அதற்கு முன்னால் இன்டர்கூலர் (டர்போ அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் பகுதி) குழாயைக் கழற்றி வடிய விடுங்கள். பலர் மறப்பது இதை. இன்ஜின் சுத்தமாகிவிட்டது என்று ஸ்டார்ட் செய்வார்கள், இன்டர்கூலரின் அடியில் தேங்கிய தண்ணீர் அப்படியே உள்ளே போகும்.

பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று. எங்காவது கல் மாதிரி நின்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வழி 3-க்குப் போய்விடுங்கள். தடையில்லாமல் சுற்றினால் எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன் ஃப்யூஸ்களை எடுத்துவிட்டு, பேட்டரியை இணைத்துச் சில நொடி செல்ஃப் அடிக்கலாம். முகத்தை பானெட்டுக்கு மேல் நீட்டாதீர்கள். ஓட்டைகளிலிருந்து தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சும்.

ராடு வளைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பிளக் ஓட்டை நேராக இறங்கும் இன்ஜின்களில், ஒரு மெல்லிய மரக்குச்சியைப் பிஸ்டன் மேல் நிறுத்தி, கிராங்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது குச்சியில் கோடு போடுங்கள். நாலு சிலிண்டருக்கும் அதே குச்சி. நாலு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். ஒன்று மட்டும் குச்சியில் மேலே தள்ளி விழுந்தால் அந்தப் பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறவில்லை, ராடு வளைந்திருக்கிறது. பட்டறையில் இதையே டயல் கேஜ் வைத்துத் துல்லியமாகப் பார்ப்பார்கள்.

எல்லாம் சரி என்றால் ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் தெளித்து, ஆயில் வேலைக்கு வாருங்கள். சில மணி நேரம் வண்டி அசையாமல் நின்றிருந்தால் தண்ணீர் சம்ப்பின் (இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டி) அடிக்கு இறங்கியிருக்கும். டிரெயின் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் தளர்த்தினால் முதலில் தண்ணீர்தான் சொட்டும். அதை வடியவிட்டு ஆயிலையும் இறக்குங்கள். புது ஆயில், புது ஃபில்டர், பத்து நிமிடம் ஐடிலில் ஓட்டம், மறுபடி இறக்கம். முதல் தடவைக்கு விலை குறைந்த ஆயில் போதும். பால் கலந்த காபி நிறம் போகும்வரை இரண்டோ மூன்றோ தடவை. ஒவ்வொரு தடவையும் ஃபில்டரும் புதிது, ஏனென்றால் காகித ஃபில்டர் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும்.

இனி டிஃபரன்ஷியல். ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே உள்ள காற்று சுருங்கும். பிரீதர் என்ற காற்றுப்போக்கித் துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். ஐந்து நிமிடம் நின்றாலும் இது நடக்கும். நான் ஒருமுறை இன்ஜினை ஒழுங்காகப் பார்த்துவிட்டு, பின் டிஃபரன்ஷியலை "அடுத்த வாரம்" என்று விட்டேன். அந்த அடுத்த வாரம் மூன்று மாதமானது. போல்ட்டைத் திறந்தபோது ஒரு டம்ளர் தண்ணீர் தனியாக இறங்கியது, பின்னால் சாம்பல் நிறக் கூழ், கடைசியில் காந்தத்தில் ஒட்டிய இரும்புத் தூள். பினியன் பேரிங்கின் உருளைகளில் புள்ளி புள்ளியாகத் துரு. ஒரு மணி நேர வேலையைத் தள்ளிப்போட்டதற்கு இரண்டு பேரிங்கும் ஒரு சீலும் போயின. இரண்டு டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ், மேனுவல் கியர் பாக்ஸ், நாலையும் ஒரே நாளில் இறக்கிவிடுங்கள்.

யூ.ஜே. கிராஸில் (சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் மூட்டு) கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருந்தால் பழைய கிரீஸ் வெளியே வந்து புதுசு தெரியும்வரை அடியுங்கள். வீல் பேரிங் பிரிக்கக்கூடிய வகை என்றால் கழுவி மறுபடி கிரீஸ் வையுங்கள். டிரம்மைத் திறந்து சேற்றை வழித்தெடுங்கள். டீசலில் வாட்டர் செப்பரேட்டரை வடியுங்கள். எரிபொருள் டேங்கில் தண்ணீர் இருக்கும் என்று சந்தேகம் வந்தால் முழுதாக இறக்குவதே நல்லது. காமன் ரெயில் பம்ப் 2,000 பார் அளவு அழுத்தத்தில் ஓடுகிறது. அதற்கு உயவு டீசல்தான். தண்ணீர் அந்த வேலையைச் செய்யாது.

கழுவும்போது பிரஷர் வாஷரைச் சீல்கள் மீதும் கனெக்டர்கள் மீதும் காட்டாதீர்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீர், நிறைய நேரம். ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் நடுவில் படிந்த சேற்றைப் பின்புறமிருந்து கழுவுங்கள். அதை விட்டால் முதல் மேட்டில் இன்ஜின் சூடேறும். தண்ணீருக்குள் ஃபேன் இறக்கை முன்னால் வளைந்து ரேடியேட்டரைக் கீறியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

உட்புறத்தில் கார்ப்பெட் மேலே காய்ந்தாலும் அடியில் உள்ள ஸ்பான்ஜ் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். சீட்டை இறக்கி எல்லாவற்றையும் வெயிலில் போடுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக், அல்லது சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பொறி. பேட்டரி கழற்றாமல், கொஞ்ச நேரம் விடாமல், அதைத் தொடக்கூடாது. நனைந்த ஏர்பேக் யூனிட்டைக் காயவைத்துத் திரும்ப மாட்டுவதை நான் ஏற்கவில்லை. புதிதாகவே மாற்றுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: பல லிட்டர் ஆயில், நாலைந்து நாள், கழற்றும்போது உடைகிற குளோ பிளக். எல்லாவற்றையும்விட, இன்சூரன்ஸ் ஆள் பார்ப்பதற்கு முன் பிரித்துவிட்டால் கோரிக்கை கைவிட்டுப் போகலாம்.

இது சிறந்த வழி எப்போது: மேனுவல் கியர், எளிய வயரிங், நன்னீர், டேஷ்போர்டுக்குக் கீழே, இன்ஜின் கையால் தடையின்றிச் சுற்றுகிறது.

## வழி 3: பட்டறைக்கு ஏற்றி அனுப்புவது

இன்ஜின் தடைபட்டால், குச்சிக் கோடு மாறி விழுந்தால், 'டக்' என்று நின்றிருந்தால் இதைவிட வேறு வழி இல்லை. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் தண்ணீர் புகுந்திருந்தாலும் இதேதான். உள்ளே உள்ள கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சு பசையால் ஒட்டப்பட்டது, தண்ணீர் அந்தப் பசையை விடுவிக்கும். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் திரவத்தால் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் நிற்கும் பழைய திரவம் சாதாரண டிரெயினில் வராது. ஆயில் இளஞ்சிவப்புப் பாலாக மாறியிருந்தால் ஓட்டாதீர்கள், கட்டி இழுக்கவும் வேண்டாம். நாலு சக்கரமும் தரையில் படாமல் லாரியில் ஏற்றுங்கள்.

பட்டறையின் பலம் கருவிகள்: சிலிண்டருக்குள் பார்க்கும் கேமரா, லீக் டெஸ்ட், ஸ்கேனர். பலவீனம் வரிசை. மழைக்காலத்தில் உங்கள் வண்டிக்கு முன் பத்து வண்டி நிற்கலாம். இரண்டு வாரம் ஈரத்தோடு நின்றால், நனைந்தபோது ஆன சேதத்தைவிட நின்றதில் ஆகும் சேதம் பெரிது. உலர் கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்வது இப்படித்தான். அதனால் ஒப்படைக்கும்போதே "வரிசை எத்தனை நாளானாலும் சரி, இன்றே பிளக்கைக் கழற்றி எண்ணெய் தெளித்து, ஆயில்களை இறக்கி வையுங்கள்" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத பட்டறையில் வண்டியை விட வேண்டாம்.

இன்னொரு செலவு பின்னால் வரும். வயரிங்கைப் "பார்த்துவிட்டோம்" என்பார்கள். எந்தக் கனெக்டரைத் திறந்தார்கள், எந்த யூனிட்டை மாற்றினார்கள் என்று பட்டியலாகக் கேளுங்கள். ஆறு மாதம் கழித்து ஏ.பி.எஸ். விளக்கு எரியும்போது எங்கே தேடுவது என்று அந்தப் பட்டியல்தான் காட்டும்.

இது சிறந்த வழி எப்போது: ராடு சந்தேகம், ஆட்டோமேட்டிக், காமன் ரெயில் டேங்கில் தண்ணீர், தரைத்தளத்துக்கு மேல் நின்ற சேறு.

## வழி 4: இன்சூரன்ஸிடம் ஒப்படைப்பது, அல்லது விற்றுவிடுவது

கடல் நீர் டேஷ்போர்டு வரை ஏறிய புது வண்டியைக் காப்பாற்ற முயல வேண்டாம் என்பதே என் கருத்து. வயர் கட்டுக்குள் புகுந்த உப்பை யாராலும் முழுதாக எடுக்க முடியாது. இன்று ஓடும், அடுத்த வருடம் ஸ்டியரிங் உதவி திடீரென்று நிற்கும்.

பாலிசியில் மூன்று இடங்களைப் படியுங்கள். ஒன்று, தண்ணீர் புகுந்த இன்ஜினுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா. இரண்டு, நின்ற இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தை விலக்கியிருக்கிறார்களா. பல பாலிசிகள் விலக்குகின்றன. மூன்று, சாலைக்கு வெளியே ஓட்டுவதையும் போட்டிகளையும் விலக்கியிருக்கிறார்களா. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் இந்த வழி இல்லை.

விற்பதானால் தண்ணீரில் நின்றதைச் சொல்லி விற்றுவிடுங்கள். பிரேக்கையும் ஏர்பேக்கையும் நம்பி வாங்குகிறவர் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகப்போகிறார்.

## பக்கம் பக்கமாக வைத்தால்

| | நீங்களே | பட்டறை | இன்சூரன்ஸ் / விற்பனை |
|---|---|---|---|
| வேலை தொடங்கும் நேரம் | அன்றே | வரிசையைப் பொறுத்து | வாரக்கணக்கு |
| வளைந்த ராடு | கண்டுபிடிக்கலாம், சரிசெய்வது கடினம் | சரிசெய்யலாம் | ராடோடு வேறு சேதமும் சேர்ந்தால் |
| ஆட்டோமேட்டிக்கில் தண்ணீர் | வேண்டாம் | ஆம் | விலையைப் பொறுத்து |
| கடல் நீர், தரைத்தளம் வரை | பழைய எளிய வண்டி மட்டும் | ஆம், உடனே | யோசிக்கலாம் |
| கடல் நீர், டேஷ்போர்டு வரை | வேண்டாம் | பெரும்பாலும் வீண் | ஆம் |
| பெரிய மறைமுகச் செலவு | கோரிக்கை இழப்பு | காத்திருப்பில் துரு | பாலிசி விலக்குகள் |

ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டிகள் இந்த அட்டவணைக்குள் வராது. உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் வழி 2 கிடையாது. 2022-ல் இயன் புயலின்போது ஃபுளோரிடாவில் கடல் நீரில் மூழ்கிய எலெக்ட்ரிக் வண்டிகள் சில, தண்ணீர் வடிந்து நாள்கள் கழித்துத் தீப்பிடித்தன. அப்படிப்பட்ட வண்டியைக் கட்டடங்களிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் நிறுத்திவிட்டுத் தயாரிப்பாளரை அழையுங்கள்.

## நான் எடுக்கும் வழி

என் பழைய டீசலுக்கு நான் 2-ஐயும் 3-ஐயும் சேர்த்தே எடுக்கிறேன். இன்சூரன்ஸ் கேட்கப்போவதில்லை என்று முடிவானதும் குளோ பிளக், இன்டர்கூலர், எல்லா ஆயில்களும் அன்று இரவே என் கையால். ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், வயரிங் மறுநாள் மெக்கானிக்கிடம். துரு பிடிக்கக்கூடியவற்றை முதலிலும், பொறுமையும் கருவியும் வேண்டியவற்றைப் பிறகும் என்று பிரித்துக்கொண்டால் இரண்டு வழியின் பலவீனமும் பாதியாகும்.

அதன்பிறகு தேதி குறித்துக்கொள்கிறேன். ஒரு வாரத்தில் டிஃபரன்ஷியல் ஆயிலை மறுபடி கொஞ்சம் வடித்துப் பார்ப்பது. கலங்கியிருந்தால் இன்னொரு மாற்றம். ஒரு மாதத்தில் சக்கரங்களைத் தூக்கிக் கையால் சுற்றிப் பேரிங் சத்தம் கேட்பது. மூன்றாம் மாதம் சேஸிஸின் வடிகால் ஓட்டைகளில் கம்பி விட்டுக் குத்துவது. போன தடவை இடது பின்பக்க ஓட்டையிலிருந்து, எல்லாம் காய்ந்துவிட்டது என்று நான் நம்பிய பிறகும், ஈரம் மாறாத சேறு ஒரு கைப்பிடி விழுந்தது.